முதலை இல்லாத கண்மாயிலிருந்து

மாப்ளே,

ஒரு வாரமாக என் ஜெராக்ஸ் கடையில் செத்த எலியைத் தேடிக்கொண்டிருந்தேன். மெஷினை நகர்த்திப் பார்த்தேன். பேப்பர் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஸ்டூல் போட்டு ஏறிப் பரணைத் துழாவியதில் பழைய காலண்டர் ஐந்தும், நான் தொலைக்கவே இல்லை என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்த டார்ச் லைட்டும் கிடைத்தன. எலி மட்டும் கிடைக்கவில்லை. ஒரு மனு எழுத வந்தால் ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போகிற அறந்தாங்கி ஜனம், மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் எழுந்து ஓடியது. வருமானம் குறைந்தால்கூட எனக்குத் தாங்கும். கதை குறைந்தால் தாங்காது. அது உனக்குத் தெரியும்.

நேற்றுச் சாயங்காலம் என் மனைவி வந்தாள். நேராக மேஜை டிராயரை இழுத்தாள். உள்ளே, ரப்பர் ஸ்டாம்புகளுக்கு நடுவில், ஒரு நத்தை ஓடு. காலி ஓடு என்று நினைத்து நான்தான் போன ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரையில் பொறுக்கிக்கொண்டு வந்து போட்டிருந்தேன். முழுக்கக் காலியில்லை போலிருக்கிறது.

"அந்த அண்ணன் போயி ரெண்டு வருசமாச்சு. அவரு புத்தி மட்டும் ஒங்ககிட்ட வந்து ஒக்காந்துருச்சு," என்றாள்.

வெளியே வீசப் போனவளிடமிருந்து பிடுங்கி ஒருமுறை ஆழமாக முகர்ந்தேன். சேறும் பாசியும் அழுகிய கறியும் கலந்த அந்த நாற்றம், அச்சு அசல் உன் சட்டைப்பை. உன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தபோது, பத்திரிகையை எடுக்கக் கையை விட்டாய். பத்திரிகைக்கு முன்னால் நத்தை ஓடுதானே வந்து என் மனைவியின் தட்டில் விழுந்தது!

ஓடு டிராயருக்கு வந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று நீ இதற்குள் கண்டுபிடித்திருப்பாய். ஆமாம். வந்திருக்கின்றன. நத்தைகுத்தி நாரைகள் இந்த வருஷம் நம் பெரிய கண்மாய்க்கு வந்து, கூடு கட்டி, குஞ்சும் பொரித்துவிட்டன. அதைவிடப் பெரிய சேதி ஒன்று இன்று காலை ஆறரை மணிக்கு நடந்தது. அதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனை அணைத்து அதே டிராயரில் போட்டுவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். மணி எட்டாகப் போகிறது. ஒன்றரை மணி நேரமாக ஒரு சேதியை நான் அடைகாக்கிறேன் என்று சொன்னால் ஊரில் எவன் நம்புவான்? வயிறு உப்பிக்கொண்டு வருகிறது. ஆனாலும் முறையாகத்தான் வருவேன்.

குவைத்தில் பதினாலு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு நீ ஒரேயடியாகத் திரும்பி வந்த நாளை எடுத்துக்கொள். திரும்பி வருகிறவன் என்ன கொண்டு வருவான் என்பதற்கு நம் பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: செண்ட் பாட்டில், தைலம், கனத்த போர்வை, கொஞ்சம் தங்கம். நீ பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது கறுப்பாய் ஒரு பைனாகுலர். உன் மனைவி, தங்கச்சி செல்வியின் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"இத வச்சு என்னங்க பண்றது?"

"பறவை பாக்கலாம்."

"பறவையப் பாக்க எதுக்கு இது? நிமிந்தாத் தெரியுதே!"

அங்கே கழிவுநீரைச் சுத்தம் பண்ணி விடுகிற ஒரு குட்டை இருந்ததாம். லாரியை நிறுத்திவிட்டுச் சும்மா நின்ற ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை, நாணல் ஓரத்தில் சிவப்புக் காலோடு ஒரு நெடுங்கால் உள்ளானைப் பார்த்தாயாம். "அது நம்ம கண்மாயில நிக்கிற அதே பய, மாப்ளே," என்று என்னிடம் சொன்னாய். "அதுக்கு விசா இல்ல, ஸ்பான்சர் இல்ல. நான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்க ஊருக்குப் போறேன். அது பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருக்கு." அன்றைக்கே சந்தையில் அந்தப் பைனாகுலரை வாங்கிவிட்டாய்.

நீ அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் நடக்க ஆரம்பித்த மூன்றாம் நாள், பெண்கள் குளிக்கிற படித்துறையைத்தான் நீ பார்க்கிறாய் என்று ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பேச்சைக் கிளப்பியது நான் இல்லை. பரப்பியது மட்டும்தான் நான்.

அதற்கு நீ செய்த காரியம் வேறு எவனுக்கும் தோன்றியிருக்காது. நேராகப் படித்துறைக்கே போய், துணி துவைத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மா அக்காவின் கையில் பைனாகுலரைக் கொடுத்தாய். ஊரில் அவர் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஊத்தா என்கிற அடியில்லாத மூங்கில் கூடையைச் சேற்றில் கவிழ்த்து, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டு விரால் மீனைத் தூக்குவதில் அவரை அடிக்க ஆம்பிளைகளிலும் ஆள் கிடையாது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கண்மாய் நடுவிலிருந்த கருவேல மரங்களைப் பார்த்தார். அப்புறம் கத்தினார்: "ஏய், இமைக்குதுடி! கண்ண இமைக்குதுடி அந்த நாரை!"

அதோடு அந்தப் பேச்சு செத்தது. பதிலாக, படித்துறையில் பைனாகுலருக்கு வரிசை நிற்க ஆரம்பித்தது.

என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். நான் பறவை பார்த்த லட்சணத்தைச் சொல்லிக்காட்ட இன்று நீ இல்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். "மாப்ளே, ஒரு வெள்ளைக் கொக்கு அரைமணி நேரமா அசையாம நிக்குது பாரு, என்னா தவம்!" என்றேன். நீ பார்த்துவிட்டு, "அது யூரியா சாக்கு," என்றாய். அன்றிலிருந்து நான் எதைக் காட்டினாலும், "எத்தன கிலோ?" என்று கேட்பாய்.

ஆனால் நீ காட்டக் காட்ட, எனக்கும் பித்துப் பிடித்தது. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி. தண்ணீருக்குள் உடம்பை ஒளித்துக் கழுத்தை மட்டும் பாம்பு மாதிரி நீட்டுகிற பாம்புத்தாரா. பஞ்சாயத்துக் கூட்டத்தில் தீர்மானத்தை எதிர்க்காத உறுப்பினர்கள் மாதிரி வரிசையாய் மிதக்கிற கூழைக்கடாக்கள். "எச்சம் தண்ணியில விழுது. தண்ணியில பாசி. பாசிக்கு நத்தை, மீனு. மீனுக்குத் திரும்பப் பறவை. மிச்சத் தண்ணி மடை வழியா வயலுக்குப் போகுது. இங்கிட்டுப் பாயிற தண்ணியில பாதி யூரியா ஏற்கெனவே இருக்கு மாப்ளே," என்று நீ கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும்போது, பக்கத்து வயல்காரர் தலையாட்டுவார்: "ஆமாங்க, எங்க ஐயா காலத்துலயே பறவைத் தண்ணிக்கு உரம் கம்மியாத்தான் போடுவாக." அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் நீ சொன்னாய். ஆனால் நீ சொன்னபோதுதான் அவர்கள் அதைப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

எல்லாவற்றிலும் உனக்கு உயிர் நத்தைகுத்தி நாரைதான். அதன் அலகு மூடாது. நடுவில் ஒரு சந்து எப்போதும் திறந்தே இருக்கும். என்னைப் பார்த்து நீ சொன்னாய்: "குஞ்சா இருக்கயில அந்தச் சந்து இருக்காது. வளர வளரத்தான் வரும். நீதான் பொறக்கும்போதே வாய் மூடாமப் பொறந்துட்ட."

சரி, முதலைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் மழை மார்கழியில்தான் பெய்தது. நாரைகள் தாமதமாக வந்தன, தாமதமாகக் கூடு கட்டின. பங்குனி பிறந்தபோது குஞ்சுகளுக்கு இறகே சரியாக முளைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஊர் கூடி, வரும் வெள்ளிக்கிழமை மீன்பிடி என்று முடிவு பண்ணியது.

நம் ஊர் மீன்பிடி எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மடையைத் திறந்து தண்ணீரை முழங்கால் அளவுக்கு வடிப்பார்கள். சுற்றுப்பட்ட ஊரெல்லாம் ஊத்தாவோடும் வலையோடும் கரையில் வந்து நிற்கும். ஊர்ப் பெரியவரான அம்பலம் ஐயா, ஐயனாரைக் கும்பிட்டுவிட்டு, தோளில் கிடக்கிற வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார். துண்டு கீழே விழுவதற்குள் ஆயிரம் பேர் தண்ணீருக்குள் இருப்பார்கள். பிடிக்கிற மீன் பிடித்தவருக்கு. அன்றைக்கு ஒரு வீட்டிலும் சாம்பார் கொதிக்காது.

ஆயிரம் பேர் கருவேல மரங்களுக்கு அடியில் இறங்கினால் தாய்ப் பறவைகள் எழுந்து போய்விடும், குஞ்சுகள் பயந்து விழும், விழுந்ததைக் காக்காயும் பருந்தும் தின்னும் என்று நீ சொன்னாய். இருபது நாள் போதும், பறந்துவிடும், அம்பலம் ஐயாவிடம் போய்க் கேட்கப் போகிறேன் என்றாய்.

நான் சிரித்தேன். "கேட்டாக் கெடைக்குமா? ஒனக்கு ஊரைப் பத்தி என்ன தெரியும்? பதினாலு வருசம் பாலைவனத்துல கெடந்தவன். எங்கிட்ட விடு. ஒரு பய தண்ணியில கால வைக்க மாட்டான்."

மறுநாள் காலை கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், குரலைத் தணித்துச் சொன்னேன்: "எங்க ஊரு கண்மாயில, கலுங்குப் பக்கம், ஒரு முதலைய நேத்துப் பாத்தேன். நாலடி இருக்கும். தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

பதினோரு மணிக்கு அது என்னிடமே திரும்பி வந்தது. "அண்ணே, விசயம் தெரியுமா? ஒங்க ஊருல பன்னெண்டு அடி முதலையாம். கீழத்தெரு ராசு ஆட்ட முழுங்கிருச்சாம்!" ராசுவிடம் ஆடே கிடையாது. ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு ராசுவே நேரில் வந்து, முதலை முழுங்கிய ஆட்டுக்கு நஷ்ட ஈடு கேட்டு மனு எழுதித் தரச் சொன்னான். நானும் எழுதிக் கொடுத்தேன். தொழில் தர்மம்.

பயந்து கண்மாய்ப் பக்கமே ஒருவரும் வரமாட்டார்கள் என்று நான் போட்ட கணக்கில், நம் ஜனத்தைப் பற்றி எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்பது விடிந்ததும் விளங்கியது. ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். வேன் பிடித்து வந்தார்கள். கீரனூரிலிருந்து பஸ் மாறி வந்தேன் என்று ஒருவர் பெருமையடித்துக்கொண்டார். ஐஸ் வண்டி வந்தது, சுண்டல் வந்தது, பலூன்காரர் வந்தார். அவரிடம் பச்சை கலரில் முதலை பலூன்கூட இருந்தது, எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதலை வெளியே வரட்டும் என்று கல்லெறிந்தார்கள். நாரைகள் கூட்டம் கூட்டமாக எழுந்து வானத்தில் சுற்றின. உட்காரவே இல்லை.

வனத்துறை ஆட்கள் கூண்டோடு வந்து, "மொதல்ல பாத்தது நீங்கதானாமே? எங்கிட்டு?" என்று என்னைக் கேட்டார்கள். நான் ஒரு கறுப்பு மேட்டைக் காட்டினேன். அவர்களில் ஒருவர் பைனாகுலரில் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "சார், அது டயருங்க," என்றார்.

கூட்டத்தில் சிரித்தவர்களில் நீ இல்லை. மரங்களுக்கு அருகே இடுப்பளவுத் தண்ணீரில் நீ நின்றிருந்தாய். திரும்பி வந்தபோது உன் துண்டுக்குள் மூன்று குஞ்சுகள். இரண்டு செத்திருந்தன.

என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ குஞ்சின் கழுத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாய்: "அதுக்கும் வாய் மூடாது, ஒனக்கும் மூடாது. ஆனா அது வாயத் தொறந்து வச்சு நத்தைய எடுக்குது மாப்ளே. நீ என்னத்த எடுத்த?"

செத்த இரண்டையும் வாங்கிக்கொண்டுபோய்க் கரையில் குழி தோண்டினேன்.

மறுநாள் காலை ஐயனார் கோயில் வாசலில் ஊர் கூடியது. நீ உயிரோடிருந்த அந்த ஒற்றைக் குஞ்சோடு வந்தாய். அம்பலம் ஐயா குனிந்து பார்த்ததும் அது மிரண்டு, வயிற்றிலிருந்த அத்தனையையும் அவருடைய வெள்ளைத் துண்டின் மேல் கக்கியது. மீன்பிடிக்கு வீச வேண்டிய அதே துண்டு! அம்பலம் ஐயா துண்டை விரித்துப் பார்த்தார்.

"என்னப்பா இது, பூரா நத்தையா இருக்கு?"

"ஆமாங்கய்யா. நாத்துல ஏறி மேயுமே, அதே நத்தைதான்."

"ஒரு குஞ்சு வயித்துலயா இம்புட்டு?" என்று அவர் துண்டை மற்றவர்களிடம் காட்டினார். ஆள் மாற்றி ஆள் எட்டிப் பார்த்தார்கள்.

நீ அப்போது கேட்டாய். முன்னுரை இல்லை, முகவுரை இல்லை. "இருபது நாளு. மடையத் தொறக்க வேணாம். அவ்வளவுதாங்கய்யா."

வெள்ளையம்மா அக்கா எழுந்தார். "தம்பி, எனக்கும் நாரை பிடிக்கும். ஆனா எம் மருமகன் கத்தாருலேருந்து ரெண்டு வருசம் கழிச்சு வந்துருக்காரு. வார ஞாயித்துக்கெழம பிளைட்டு. அவருக்கு என் கையால புடிச்ச விரால் வைக்கணும்னு நாள எண்ணிக்கிட்டு இருக்கேன். குஞ்சு அடுத்த வருசமும் பொரிக்கும். லீவு பொரிக்குமா?"

கூட்டம் அவர் பக்கம் முணுமுணுத்தது. நியாயம்தானே? நம் ஊரில் வீட்டுக்கு ஒருத்தன் அங்கிட்டு இருக்கிறான்.

நீ தலைகுனிந்து நின்றாய். "அக்கா, பதினாலு வருசத்துல ஒரு மீன்பிடிக்கும் நான் இல்ல. எப்பவும் லீவு முடிஞ்சு போன மறு வாரம்தான் துண்டு வீசுவாக. செல்வி போன்ல காட்டுவா. நான் லாரிக்குள்ள ஒக்காந்து பாப்பேன். ஒங்க மருமகன்கிட்ட நான் என்ன கேக்குறேன்னு தெரிஞ்சுதான் கேக்குறேன்."

ஓரமாக நின்ற அந்த மருமகன்தான் முதலில் வாயைத் திறந்தார். "விடுங்கத்தை. அண்ணன் கேக்குறாருல்ல. எனக்குப் பொரிச்சு அனுப்பிவிடுங்க."

"ஏர்போர்ட்ல புடுங்கிப்புட்டா?"

"புடுங்குனவன் சாப்புட்டு நல்லாருக்கட்டும்."

ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பில் இருபது நாள் உனக்குக் கிடைத்தது. கேட்டால் கிடைக்குமா என்று நக்கலடித்தவன், கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். அம்பலம் ஐயா கண்ணிலிருந்து தப்ப அந்தத் தூண் போதவில்லை.

"மனுக்காரரே, இங்கிட்டு வாங்க. முதலைக் கூட்டத்த யாரு கலைக்கிறது?"

"நான் எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிர்றேங்கய்யா."

"சொன்னீகன்னா, முதலை கரையேறிருச்சுன்னு பேசிக்குவாக. சொல்ல வேணாம். எறங்கி நின்னு காட்டுங்க."

இதுதான் எனக்குக் கிடைத்த தீர்ப்பு. மரங்களுக்கு எதிர்ப்பக்கம், தெற்குப் படித்துறையில், தினமும் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, கழுத்தளவுத் தண்ணீரில், கூட்டம் கலைகிற வரைக்கும். முதல் நாள் முந்நூறு பேர், நான் எப்போது விழுங்கப்படுவேன் என்று ஆசையோடு பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஒருவர் என்னை நேரலையில் ஓட்டினார். என் மனைவி கரையில் நின்று, "இன்னுங் கொஞ்சம் ஆழத்துக்குப் போகச் சொல்லுங்க," என்று பரிந்துரைத்தாள். நான்காம் நாள் ஐஸ் வண்டி வரவில்லை. ஏழாம் நாள் படித்துறையில் நானும், எதிர்க்கரையில் பைனாகுலரோடு நீயும், என் முதுகில் இரண்டு அட்டைகளும் மட்டும்.

ஆனால் மாப்ளே, அந்த ஏழு நாள்! கரையிலிருந்து எத்தனை வருஷம் பார்த்தாலும் தெரியாதது, கண்ணைத் தண்ணீர் மட்டத்தில் வைத்தால் தெரிகிறது. கண்ணுக்கு நேரே அல்லி இலையின் மேல் இலைக்கோழி ஒன்று நீள நீள விரலை விரித்து, ஈரம் படாமல் நடந்து போனது. முக்குளிப்பான் என் மூக்குக்கு முன்னால் முங்கி என் பிடரிக்குப் பின்னால் எழுந்தது. என்னை ஒரு கட்டை என்று நினைத்துத் தட்டான்கள் தலையில் உட்கார்ந்தன; என்னை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. ஐந்தாம் நாள், நத்தைகுத்தி ஒன்று பக்கத்துக் கரையோரச் சேற்றில், பத்தடிக்குள் இறங்கியது. அலகைச் சேற்றில் விட்டது, தலை கிடுகிடுவென்று நடுங்கியது, நான் மூச்சே விடவில்லை. எடுத்தது பார், முழு நத்தையின் சதை! ஓடு உடையாமல் சேற்றிலேயே கிடந்தது.

என்னை மறந்து கத்திவிட்டேன்: "மாப்ளே! ஓட்ட ஒடைக்கலடா!" பறவை பறந்துவிட்டது. எதிர்க்கரையிலிருந்து நீ, "வாய மூடுடா!" என்று கத்தினாய். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் கண்மாயில் மிச்சமிருந்த பறவையும் எழுந்துவிட்டது.

இருபத்து மூன்றாம் நாள் துண்டு வீசினார்கள். துவைத்த துண்டு. மரங்கள் காலி; குஞ்சுகள் அதற்குள் வானத்தில். பதினாலு வருஷம் கழித்து நீ ஊத்தாவோடு இறங்கி, ஒரே ஒரு கெளுத்தி பிடித்து, முள் குத்திக் கை வீங்கி, அதை மெடல் மாதிரி எல்லோருக்கும் காட்டினாய். வெள்ளையம்மா அக்கா பொரித்த விரால், குளிக்கிற சோப்புக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் ஒளிந்து கத்தார் போய்ச் சேர்ந்தது.

அடுத்த முறை நீ பறவைகள் வரும் முன்பே, ஐப்பசியில் போய்விட்டாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் ஆஸ்பத்திரிவரைகூட வரவில்லை. அந்த வருஷம் மழையும் ஏமாற்றியது, அடுத்த வருஷமும் ஏமாற்றியது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. செல்வி பைனாகுலரைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "இனிமே அங்க பாக்க என்னண்ணே இருக்கு?" என்றாள். நானும் பரணில் போட்டேன்.

இந்த வருஷம் கண்மாய் நிரம்பி, கலுங்கு தாண்டித் தண்ணீர் வழிந்து போனது. மறுபடியும் மார்கழி மழைதான். மறுபடியும் தாமதமான நாரைகள். மறுபடியும் பங்குனியில் மீன்பிடி நாள் குறிக்க ஊர் கூடியது, போன வாரத்துக்கு முந்தின வாரம். கேட்க வேண்டிய ஆள் நீ இல்லை. கூட்டத்தில் எழுந்தது நான். போன தடவை ஒளிந்த அதே தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், மாப்ளே. ஆயிரம் பொய் சொன்ன வாய்க்கு, ஒரு உண்மை சொல்ல எச்சில் போதவில்லை.

எழுந்ததுமே ஒரு குரல்: "என்ன மனுக்காரரே, இந்தத் தடவ திமிங்கிலமா?"

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடிக்கும்வரை நின்றேன். நீ கேட்ட மாதிரியே கேட்டேன். முன்னுரை இல்லை. "கூட்டுல குஞ்சு இருக்கு. இன்னும் பறக்கல. பறக்குற வரைக்கும் மடையத் தொறக்க வேணாம்." உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளையம்மா அக்காவைத்தான் பார்த்தேன். அவர் எழுந்தால் என் கதை முடிந்தது. எழுந்தார்.

"ஏப்பா ஜெராக்ஸு, இதக் கேக்கத்தான் இம்புட்டு நடுக்கமா? நாங்க அதெல்லாம் பேசி மாசம் ஒண்ணாச்சு. எம் மருமகன் டிக்கெட்டே இன்னும் போடல. குஞ்சு பறந்தோன சொல்லுங்க, லீவு போடுறேன்னு கத்தார்ல ஒக்காந்துருக்காரு. கீழத்தெருவுல நாலு பேரு, மேலத்தெருவுல ஆறு பேரு, எல்லாரும் அப்புடித்தான். வருசா வருசம் யாராவது ஒருத்தர் லீவுக்குத் தக்கன மீன்பிடி வச்சுத்தான் பாதிப்பேருக்குக் கெடைக்காமப் போச்சு. இனிமே நாரைக்குத் தக்கன லீவு. அந்தத் தம்பி உசுரோட இருக்கயிலேயே எங்கிட்டச் சொல்லிட்டுப் போனது."

என்னிடம் சொல்லவில்லை நீ! அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். சொன்னால் ஊருக்கெல்லாம் பரப்பிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன் என்று நினைத்திருப்பாய். சரியாகத்தான் நினைத்திருக்கிறாய், பாவி.

அம்பலம் ஐயா தலையாட்டினார். பறந்துவிட்டது என்று ஊருக்கு யார் சொல்வது என்று கேள்வி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வாய் மூடாத ஆளு ஒருத்தரு வேணும்ல," என்றார் வெள்ளையம்மா அக்கா.

அன்றிலிருந்து உன் பைனாகுலர் என் கழுத்தில். தினமும் விடிந்ததும் கரை. வாட்ஸ்அப் குழுவில் குவைத்திலிருந்து, கத்தாரிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து காலைக் காலையில் ஒரே கேள்வி: "மாமா, பறந்துருச்சா?" "சித்தப்பா, றெக்கை அடிக்குதா?" "சார், டிக்கெட் வெல ஏறுது, குஞ்சுகிட்டச் சொல்லுங்க." இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று பத்து நாளாக ஒரே பதிலைத் தட்டுகிறேன். ஒருமுறைகூட இட்டுக்கட்டவில்லை. நீ இருந்திருந்தால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பாய்.

இன்று காலை ஆறரை மணி. மேற்குப் பக்கக் கருவேல மரம், உச்சிக் கூடு. அந்தக் குஞ்சு விளிம்பில் வந்து நின்றது. இறக்கையை விரித்தது, மடக்கியது. விரித்தது, மடக்கியது. காற்று ஒன்று வந்தது. கால் கூட்டைவிட்டு எழும்பியது, மாப்ளே! எழும்பி, நேராகப் போகத் தெரியாமல் சாய்ந்து, தண்ணீரைத் தொடுகிற மாதிரி இறங்கி, ஐயோ என்று நான் கரையில் குந்திவிட்டேன், அப்புறம் எங்கிருந்தோ ஒரு அடி கிடைத்து மேலே ஏறி, என் தலைக்கு மேலே ஒரு சுற்று, எதிர்க்கரையில், நீ வழக்கமாக நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், காலைச் சரியாக ஊன்றத் தெரியாமல் தொப்பென்று இறங்கியது. பைனாகுலரில் அதன் முகத்தைப் பார்த்தேன். அலகு இன்னும் நேராகத்தான் மூடுகிறது. சந்து இன்னும் வரவில்லை. இமைத்தது.

போனைக் கையில் எடுத்தேன். விரல் எழுத்தின் மேல் நின்றது. அந்தப் பக்கம் அத்தனை பேர் பாலைவனத்திலும் கப்பல்துறையிலும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற ஒரே சேதி. என் பிழைப்பிலேயே முதல்முறையாக, ஊருக்குத் தேவையான, உண்மையான சேதி ஒன்று என் கையில்.

அணைத்து வைத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். வழியில் நாலு பேர் நிறுத்தி, "என்னங்க, ஆச்சா?" என்று கேட்டார்கள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தலையை எந்தப் பக்கமும் ஆட்டாமல் வந்தேன். பல்வலி என்று நினைத்திருப்பார்கள்.

உன்னிடம் சொல்லாமல் வேறு எவனிடம் முதலில் சொல்வது?

பறந்துவிட்டது, மாப்ளே.

சரி, சொல்லிவிட்டேன். இனி போனை ஆன் பண்ணுகிறேன்.